மூடின ஸ்கூலோட ஜாக்கெட்

வணக்கம் சார்,

நாங்க ஹூஸ்டனுக்கு மேற்கால கேட்டில இருக்கோம். பையன் இந்த வருஷம் ஒன்பதாவது, ஹைஸ்கூல் போயாச்சு. மார்ச்சிங் பேண்ட்ல சேந்திருக்கான், டிராம்போன். ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடியே ஆகஸ்ட் வெயில்ல பார்க்கிங் லாட்ல நிக்க வெச்சு பிராக்டிஸ், இப்ப வெள்ளிக்கிழமை ஆனா மேட்சுக்கு வாசிக்கப் போயிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வரான். படிப்பு என்ன ஆகுமோன்னு எனக்கு பயமா இருக்கு. நாங்களும் ஒரு நாள் மேட்ச் பாக்கப் போனோம். லெகசி ஸ்டேடியம்னு புதுசா கட்டியிருக்காங்க, 70 மில்லியன் டாலராம், பள்ளிக்கூடத்துப் பசங்க ஆடறதுக்கு! பக்கத்துலயே பழைய ஸ்டேடியமும் இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு. இந்தக் காசுல டீச்சருங்களுக்கு சம்பளம் ஏத்தியிருக்கலாம்ல? இத்தனைக்கும் எங்க ஸ்கூல் டீம் கேட்டி ஹைஸ்கூல்கிட்ட வருஷா வருஷம் அடி வாங்குதாம்.

இன்னொண்ணு. வீட்டுக்காரர் ரிஃபைனரி வேலையா போமாண்ட் போயிருந்தார். அங்க ஒரு கடையில வயசான ஒருத்தர் ஹெபர்ட் பாந்தர்ஸ்னு எழுதின ஜாக்கெட் போட்டிருந்தாராம். என்ன டீம்னு இவரு கேட்டதுக்கு, என் ஸ்கூல் டீம், ஸ்கூல் இப்ப இல்லைன்னு சொல்லிட்டு சிரிச்சாராம். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி மூடின ஸ்கூலுக்கு இப்ப எதுக்கு சார் ஜாக்கெட்? இந்த ஊர்க்காரங்களுக்கு ஃபுட்பால் பைத்தியம்னு சொல்றது இதைத்தானா?

பேர் போட வேண்டாம் சார், இங்க தமிழ்ச் சங்கத்துல நெறைய பேர் உங்க சைட் படிக்கிறாங்க.

கேட்டிலருந்து ஒரு வாசகி

* * *

வணக்கம்ங்க,

மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. அதுல போற போக்குல கேட்டதுதான் பெருசு, அந்த ஜாக்கெட் விஷயம். அதைப் பேசினாத்தான் ஸ்டேடியத்தைப் பேச முடியும்னு நெனைக்கிறேன், அதனால அங்கேருந்து வரேன். பையன் படிப்பு கீழ வருது, அதுவரைக்கும் பயப்படாம படிங்க. ஊர்லருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, இதுல ஃபுட்பால்னு வர்ற இடமெல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால்தான்.

போமாண்ட்ங்கறது 1901ல ஸ்பிண்டில்டாப்னு ஒரு மேட்டுல எண்ணெய் பீச்சி அடிச்ச ஊர். அங்கேருந்துதான் டெக்ஸாஸ் எண்ணெய்க் கதையே ஆரம்பம். அந்த ஊர்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு ரெண்டு ஹைஸ்கூல் இருந்துச்சு, ஒண்ணு ஹெபர்ட், இன்னொண்ணு சார்ல்டன்-போலார்ட். சார்ல்டன்ங்கறவர் அடிமையா இருந்து விடுதலையானவர், அந்த ஊர்ல கறுப்புப் பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துல பள்ளிக்கூடம் நடத்தினவர். போலார்ட் அப்புறம் வந்த ஹெட்மாஸ்டர். ரெண்டு வாத்தியார் பேரைச் சேத்து வெச்ச ஸ்கூல். இந்த ரெண்டு டீமும் மோதற மேட்சுக்கு சோல் பவுல்னு பேரு, ஊரே ரெண்டாப் பிரிஞ்சு போய் உக்காரும்.

டெக்ஸாஸ்ல ஸ்கூல் போட்டிங்களை நடத்தறது யூஐஎல்னு ஒரு அமைப்பு, 1910ல ஆரம்பிச்சது. அதுல வெள்ளைக்காரப் பள்ளிங்க மட்டும்தான் சேரலாம்னு விதி. அதனால கறுப்பினப் பள்ளிங்க 1920ல தனி லீக் ஆரம்பிச்சாங்க, பிரெய்ரி வியூ காலேஜை வெச்சு நடத்தினதால பிவிஐஎல்னு ஆச்சு. சுமார் 500 ஸ்கூல் அதுல இருந்துச்சு, தனி சாம்பியன்ஷிப், தனி ரெக்கார்டு, எல்லாமே தனி. 1970ல அதை மூடினாங்க. அம்பது வருஷம்ங்க, கொஞ்ச காலம் இல்ல.

இப்ப நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரின்னா ஃபுட்பால்னு சொல்றீங்கல்ல, அந்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கெடச்ச கிழமை இல்ல. பெரும்பாலான ஊர்ல ஸ்டேடியம் ஒண்ணுதான் இருக்கும், வெள்ளிக்கிழமை அது வெள்ளைக்கார ஸ்கூலுக்கு. கறுப்பின ஸ்கூலுக்கு புதனோ வியாழனோ. கோயில் திருவிழால எந்தத் தெருவுக்கு எத்தனாம் நாள் மண்டகப்படின்னு பாத்தாலே அந்தத் தெரு ஊர்ல எந்த எடத்துல இருக்குன்னு தெரிஞ்சு போகுமே, அதே கணக்குதான். யூனிஃபார்மும் ஹெல்மெட்டும் பாதி நேரம் வெள்ளைக்கார ஸ்கூல்ல பழசாகி கழிச்சுக் கட்டினது, பாடப் புஸ்தகமும் அப்படித்தான், ஏற்கனவே ஒருத்தன் பேர் எழுதி வெச்சது.

அந்தப் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ஆடினவங்க யாருன்னு பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்ங்கற புரோ டீமோட ஜோ கிரீன், டெம்பிள் ஊர் டன்பர் ஸ்கூல்லருந்து வந்தவர். கென் ஹூஸ்டன் லஃப்கின் ஊர் டன்பர் ஸ்கூல். நைட் டிரெய்ன் லேன் ஆஸ்டின்ல ஆண்டர்சன் ஹைஸ்கூல். மூணு பேருமே புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க. போமாண்ட்லயே சார்ல்டன்-போலார்ட் கோச் வில்லி ரே ஸ்மித்தோட பையன் பப்பா ஸ்மித், ஆறடி ஏழு அங்குலம், 1967ல புரோ டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல நாட்டுலயே முதல் ஆளா எடுத்தாங்க, பின்னாடி ஹாலிவுட் காமெடிப் படத்துல எல்லாம் வந்தாரு. ஆனா காலேஜுக்கு அவரு டெக்ஸாஸ்ல ஆடலை, வடக்க மிச்சிகன் ஸ்டேட் போனாரு, ஏன்னா இங்க சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்ங்கற காலேஜ் லீக்ல இருந்த பெரிய காலேஜ் எதுவும் அப்ப கறுப்பினப் பசங்களை எடுக்கலை. அந்தப் பூட்டை ஒடைச்சது யாருன்னு கேட்டீங்கன்னா உங்க வீட்டுக்காரர் பாத்தாரே, அதே ஹெபர்ட் ஸ்கூல்ல படிச்ச ஜெர்ரி லெவையஸ். 1965ல டல்லாஸ்ல இருக்கற எஸ்எம்யூ காலேஜ் அவருக்கு ஸ்காலர்ஷிப் குடுத்துச்சு, அந்தக் கான்ஃபரன்ஸ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்த முதல் கறுப்பின ஃபுட்பால் பிளேயர் அவர்தான். அதாவது அந்தப் பெரியவரோட ஜாக்கெட் சும்மா ஒரு லோக்கல் டீம் ஜாக்கெட் இல்லீங்க.

சரி, ஸ்கூலை ஏன் மூடினாங்க? 1954ல சுப்ரீம் கோர்ட் தனித்தனி ஸ்கூல் செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. டெக்ஸாஸ் அதை ஏத்துக்கறதுக்கு பதினஞ்சு இருவது வருஷம் இழுத்தடிச்சது. ஒருவழியா 1967ல கறுப்பினப் பள்ளிங்க யூஐஎல்ல வந்து சேந்தாங்க. ஆனா சேத்து வெச்சது எப்படின்னா, ரெண்டு ஸ்கூலையும் சேத்து ஒண்ணாக்கணும்னா எந்த ஸ்கூல் போகணும்னு பாத்து, பெரும்பாலான ஊர்ல கறுப்பின ஸ்கூலைத்தான் மூடினாங்க. ஹெட்மாஸ்டரா இருந்தவர் இன்னொரு ஸ்கூல்ல உதவி ஹெட்மாஸ்டர் ஆனாரு, ஸ்டேட் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச கோச் போய் வெள்ளைக்கார கோச்சுக்கு அசிஸ்டெண்ட் ஆனாரு. ஸ்கூல் கலர், ஸ்கூல் பாட்டு, டீம் பேரு எதையும் கூட எடுத்துட்டுப் போக முடியலை. டிராஃபி எல்லாம் குப்பைக்குப் போன கதையை ஊர் ஊரா சொல்லுவாங்க. நல்ல காரியம் நடந்துச்சு, அதை நடத்தின விதம் கேவலம், ரெண்டும் உண்மை.

போமாண்ட்ல இது இன்னும் மெதுவா, இன்னும் குழப்பமா நடந்துச்சு. கொஞ்சம் நிதானமா படிங்க, எனக்கே இதை எழுதும்போது தலை சுத்துது. 1975ல சார்ல்டன்-போலார்டும் பழைய போமாண்ட் ஹைஸ்கூலும் ஒண்ணாச்சு. 1976ல ஹெபர்ட் ஸ்டேட் சாம்பியன், யூஐஎல்ல. 1982ல கோர்ட் விவகாரம் முத்திப் போய் ஹெபர்டையும் ஃபாரஸ்ட் பார்க்ங்கற வெள்ளைக்கார ஸ்கூலையும் சேத்து வெஸ்ட் புரூக்னு புது ஸ்கூல் ஆக்கினாங்க. நேத்து வரைக்கும் எதிரும் புதிருமா நின்ன பசங்க, அந்த மொத சீசன்லயே பெரிய டிவிஷன்ல ஸ்டேட் சாம்பியன் ஆயிட்டாங்க! 1984ல அதே ஊர்ல ஃப்ரெஞ்ச் ஹைஸ்கூல் ஃபைனல்ல மேற்கு டெக்ஸாஸ் ஒடெஸ்ஸா ஊரோட பெர்மியன் ஸ்கூலோட 21-21 டிரா பண்ணி கூட்டு சாம்பியன். ரெண்டே வருஷம், 1986ல ஃப்ரெஞ்ச் ஸ்கூலே இல்ல, அதையும் சார்ல்டன்-போலார்டையும் சேத்து சென்ட்ரல்னு வெச்சாங்க. 1997ல ஓசன்னு ஒரு ஹைஸ்கூல் தொறந்தாங்க, ஹெபர்ட்ல கோச்சா இருந்த கிளிஃப்டன் ஓசன் பேருல. அப்பாடா, பழைய ஸ்கூல் பேரு ஏதோ ஒரு வழியில வந்துச்சேன்னு பாத்தா, 2017 ஹார்வி புயல்ல சென்ட்ரல் கட்டடம் நாசமாகி, 2018ல சென்ட்ரலும் ஓசனும் சேந்து போமாண்ட் யுனைடெட் ஆயிடுச்சு.

இப்ப சொல்லுங்க, அந்த ஊர்ல அறுபது வயசான ஒருத்தர் எந்த டீமுக்கு கை தட்டுவாரு? அவரு படிச்ச ஸ்கூல் இல்ல, அவரு மகன் படிச்ச ஸ்கூலும் அனேகமா இல்ல. ஜாக்கெட்டைத் தவிர வேற எங்க அந்தப் பேரை எழுதி வெக்கறது? இதைப் பைத்தியம்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஒரு டீம் எத்தனை கப் ஜெயிச்சுதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் எந்த வருஷம் தொறந்துச்சு, எந்த வருஷம் மூடினாங்க, யார் உத்தரவுல, யார் பேருலன்னு பாத்தீங்கன்னா அந்த ஊரோட மொத்த ஜாதகமும் வந்துடும். டெக்ஸாஸ்ல நான் பாத்த வரைக்கும் இது பொய்யானதே இல்ல.

பேருன்னதும் ஞாபகம் வருது. சிவில் வார்ல அடிமை முறை மாநிலங்களோட பக்கம் நின்ன ராபர்ட் ஈ. லீ பேருல டெக்ஸாஸ்ல எத்தனை ஹைஸ்கூல்னு பாருங்க. டைலர்ல ஒண்ணு 1958, சான் அன்டோனியோல ஒண்ணு அதே 1958, மிட்லண்ட்ல 1961, ஹூஸ்டன்ல 1962. போர் முடிஞ்சது 1865ல! தொண்ணூத்தி மூணு வருஷம் கழிச்சு திடீர்னு ஜெனரல் மேல என்ன பாசம்? தீர்ப்பு வந்த 1954ஐயும் தொறந்த வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா புரிஞ்சிடும். டைலர் லீ டீமுக்கு முதல்ல ரெபல்ஸ்னு பேரு, பேண்ட் வாசிக்கறது அந்தப் பக்கத்தோட டிக்ஸி பாட்டு, மைதானத்துல கான்ஃபெடரேட் கொடி, அதாவது அந்த அடிமை மாநிலங்களோட கொடி. அதே ஊர்ல எம்மெட் ஸ்காட்னு கறுப்பின ஸ்கூலை 1970ல மூடி பிள்ளைங்களை இந்த மாதிரி ஸ்கூலுக்குத்தான் அனுப்பினாங்க, அந்தக் கொடிக்குக் கீழ நின்னு ஆடுன்னு. அப்புறம் ரெபல்ஸ் போய் ரெட் ரெய்டர்ஸ் ஆச்சு. ஊரோட இன்னொரு ஹைஸ்கூல் ஜான் டைலர், அவரு முன்னாள் ஜனாதிபதி, ஆனா கடைசி காலத்துல கான்ஃபெடரேட் காங்கிரசுக்கு தேர்வானவர். அந்த ஸ்கூலுக்கு 1973ல ஸ்டேட் சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தது யாருன்னா ஏர்ல் கேம்ப்பெல், ரோஜாத் தோட்டத்துல கூலி வேலை பாத்த கறுப்பினக் குடும்பத்துப் பையன். இந்த ரெண்டு ஸ்கூல் பேரையும் 2020லதான் மாத்தினாங்க. ஹூஸ்டன் லீ 2016லயே விஸ்டம்னு மாறிடுச்சு, அந்த ஸ்கூல்ல ரொம்ப வருஷம் பாடம் எடுத்த ஒரு டீச்சரம்மா பேரு. எனக்கு அந்தப் பேர் மாத்தம் ரொம்பப் புடிக்கும்.

நீங்க ஹூஸ்டன் பக்கம்ங்கறதால இதையும் சொல்லிடறேன். டவுனுக்குத் தெக்கால தேர்ட் வார்டுல ஜாக் யேட்ஸ் ஹைஸ்கூல் இருக்கு, 1926ல தொறந்தது, ஜாக் யேட்ஸும் அடிமையா இருந்து விடுதலையான பாதிரியார்தான், 1872ல விடுதலை நாள் கொண்டாட மத்தவங்களோட சேந்து காசு போட்டு எமான்சிபேஷன் பார்க்கை வாங்கினவர். யேட்ஸும் ஃபிஃப்த் வார்டு வீட்லி ஸ்கூலும் வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு மோதுவாங்க, 30,000 பேருக்கு மேல கூட்டம் வரும், ஸ்கூல் மேட்சுக்கு! யூஐஎல்ல சேரப் போறதுக்கு முன்னாடி 1966ல அதுதான் கடைசி. அந்த மேட்ச் போனதுக்கு இன்னும் வருத்தப்படற ஆளுங்க ஹூஸ்டன்ல இருக்காங்க. யேட்ஸ் ஸ்கூல் மூடாம தப்பிச்சுது. 1985ல பெரிய டிவிஷன் ஃபைனலுக்கு வந்து ஒடெஸ்ஸா பெர்மியனை 37-0ன்னு அடிச்சாங்க. பெர்மியன்னா சாதாரண டீம் இல்ல, அதைப் பத்தி புஸ்தகம், சினிமா, அதுலருந்து ஒரு டிவி சீரியல்னு எல்லாம் வந்தாச்சு. அந்த டீமை ஜீரோல உக்கார வெச்ச ஸ்கூலைப் பத்தி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அதான் சொல்றேன்.

இனி 70 மில்லியன். இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, சந்தோஷமான கதை இல்ல. கிழக்கு டெக்ஸாஸ்ல நியூ லண்டன்னு ஒரு சின்ன ஊர், 1930கள்ல எண்ணெய் கெடச்சு திடீர் பணக்கார ஊர் ஆச்சு. நாடே பஞ்சத்துல கெடந்த காலத்துல ஒரு மில்லியன் டாலர் போட்டு ஸ்கூல் கட்டினாங்க. டீம் பேரு லண்டன் வைல்ட்கேட்ஸ், எண்ணெய் கெடைக்குமான்னு குருட்டாம்போக்குல துளை போடறவனை வைல்ட்கேட்டர்னு சொல்லுவாங்க, அதுலருந்து வந்த பேரு. டெக்ஸாஸ்லயே முதன்முதல்ல மின்சார விளக்கு போட்ட ஃபுட்பால் மைதானங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆனா கட்டடத்துக்கு பாய்லர் வெச்சு சூடு பண்ணணும்னு ஆர்க்கிடெக்ட் போட்ட பிளானை போர்டு தள்ளிவிட்டு 72 கேஸ் ஹீட்டர் மாட்டினாங்க. அப்புறம் மாசா மாசம் கேஸ் பில்லு எதுக்குன்னு கம்பெனி கனெக்‌ஷனை வெட்டிட்டு, எண்ணெய் வயல்லருந்து போற கழிவு கேஸ் லைன்ல ஓட்டை போட்டு இழுத்துக்கிட்டாங்க, அந்தப் பக்கம் எல்லாரும் அதான் பண்ணிட்டு இருந்தாங்க. அந்த கேஸுக்கு வாசனையே கெடையாது. தரைக்கு அடியில லீக் ஆகி சேந்துகிட்டே இருந்திருக்கு. 1937 மார்ச் 18, ஸ்கூல் விட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, ஒர்க்‌ஷாப் வாத்தியார் மிஷின் சுவிட்சைப் போட்டாரு. சுமார் 300 பேர், முக்கால்வாசி பிள்ளைங்க. இன்னிக்கு நம்ம வீட்டுல கேஸ் லீக்கானா அழுகின முட்டை நாத்தம் வருதே, அப்படி வாசனை கலந்தே ஆகணும்னு டெக்ஸாஸ் சட்டம் போட்டது அந்த விபத்துக்கு அப்புறம்தான். மைதானத்து லைட்டுக்கு காசு இருந்துச்சு, கேஸ் பில்லுக்கு மனசு வரலை. பின்னால அதே எடத்துல புது ஸ்கூல் கட்டி, வைல்ட்கேட்ஸ் திரும்பவும் ஆடினாங்க. 1965ல பக்கத்து ஊர் ஸ்கூலோட இணைச்சு வெஸ்ட் ரஸ்க்னு பேர் மாத்தினதும் வைல்ட்கேட்ஸ் போயாச்சு, இப்ப அங்க ரெய்டர்ஸ்.

அதனால உங்க கோபம் நியாயம்தான், புதுசும் இல்ல. ஆனா டீச்சர் சம்பளத்தையும் ஸ்டேடியத்தையும் ஒரே பையில இருக்கற காசா நெனைக்கிறீங்க, அங்கதான் கணக்கு வேற. உங்க வீட்டு பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்க, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வரி ரெண்டு துண்டா இருக்கும். ஒண்ணு அன்னாட செலவுக்கு, அதுலதான் டீச்சர் சம்பளம். இன்னொண்ணு பாண்ட் கடனை, அதாவது ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டு டிஸ்ட்ரிக்ட் வாங்கற கடனை அடைக்க, அதுல கட்டடம், பஸ், ஸ்டேடியம் இதெல்லாம்தான் வாங்கலாம், சட்டப்படி அதுலருந்து சம்பளம் குடுக்க முடியாது. இதுல வேடிக்கை என்னன்னா, 1993லருந்து ராபின் ஹூட்னு ஒரு ஏற்பாடு, வசதியான டிஸ்ட்ரிக்ட்டோட அன்னாட வரிலருந்து ஒரு பங்கை மாநிலம் எடுத்து மத்த ஊருங்களுக்குக் குடுக்கும், ஆனா பாண்ட் வரியைத் தொடாது. அப்ப வசதியான ஊர்க்காரன் என்ன யோசிப்பான், சம்பளத்துக்குப் போட்டா பாதி வெளியூருக்குப் போகுது, கட்டடமா கட்டினா முழுசும் நம்மகிட்டயே நிக்குதேன்னுதான். டல்லாஸ் பக்கம் ஆலன்ல 2012ல 60 மில்லியனுக்கு 18,000 சீட்டு வெச்சு கட்டினதும் இந்தக் கணக்குதான், ரெண்டு வருஷம் கூட ஆகலை, கான்கிரீட்ல விரிசல் விட்டு இழுத்து மூடி 2015லதான் திரும்பத் தொறந்தாங்க, சிரிக்காதவங்க பாக்கி இல்ல.

உங்க கேட்டி கதை இன்னும் சுவாரசியம். 2013 நவம்பர்ல ஸ்டேடியம் கட்ட பாண்ட் போட்டாங்க, ஜனங்க முடியாதுன்னு ஓட்டு போட்டுட்டாங்க. அடுத்த வருஷமே 748 மில்லியன் பாண்ட் ஒண்ணு கொண்டு வந்தாங்க, புது ஸ்கூல்கள், ரிப்பேர், அது இதுன்னு பெரிய மூட்டையா கட்டி அதுக்குள்ள ஸ்டேடியத்தையும் வெச்சு. பாஸ் ஆயிடுச்சு. 2017ல லெகசி ஸ்டேடியம் ரெடி. இந்த மாதிரி மூட்டை கட்டி வெக்கறதைத் தடுக்கத்தான் 2019ல சட்டம் மாறிச்சு, இப்ப ஸ்டேடியம்னா அதைத் தனிக் கேள்வியா ஓட்டுக்கு வைக்கணும். உங்களுக்கு சிட்டிசன்ஷிப் வந்தாச்சுன்னா அந்த ஓட்டை மட்டும் விடாதீங்க, பாண்ட் எலக்‌ஷனுக்கு வர்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு, நம்மாளுங்க அதுல இன்னும் கம்மி. வாட்ஸப் குரூப்ல ஸ்டேடியத்தைத் திட்டறவங்க எத்தனை பேர் ஓட்டு போட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

கேட்டி ஹைஸ்கூல் ஏன் எப்பவும் ஜெயிக்குதுன்னா, அதுவும் ஸ்கூல் வரலாறுதான். நீங்க இருக்கற எடமெல்லாம் ஒரு காலத்துல நெல்லு வயல்ங்க, பழைய டவுன்ல நெல்லு காயவெச்ச பெரிய குதிருங்க நின்னுச்சு, பாத்திருப்பீங்க. அந்த நெல்லு ஊர் ஸ்கூல் 1959லயே ஸ்டேட் சாம்பியன். அப்புறம் ஹூஸ்டன் வளந்து ஊரை முழுங்கி, 1979ல டெய்லர்னு ரெண்டாவது ஹைஸ்கூல் தொறந்து, இப்ப டிஸ்ட்ரிக்ட்ல பத்து வந்தாச்சு, சிங்கோ ராஞ்ச், செவன் லேக்ஸ்னு சிலதுக்கு வீட்டு மனை போட்ட கம்பெனி வெச்ச பேரு. புது ஸ்கூல்ல எந்தத் தெரு எந்த ஸ்கூலுக்குங்கற எல்லையை அடிக்கடி மாத்தி பசங்க அங்கயும் இங்கயும் போவாங்க, பழைய ஸ்கூல்ல தாத்தா, அப்பா, பையன் மூணு பேரும் ஒரே சிவப்பு ஜெர்சி. கோச்சும் அப்படித்தான், 1982லருந்து 2003 வரைக்கும் மைக் ஜான்ஸ்டன், அவருக்குக் கீழ இருந்த கேரி ஜோசஃப் 2004ல கோச் ஆனாரு. 2020ல ஒன்பதாவது ஸ்டேட் டைட்டில் எடுத்தாங்க. ஆனா மனசைத் தளர விடாதீங்க, 2017ல தொறந்த பேடோ ஹைஸ்கூல் 2021ல அதுக்குக் கீழ இருக்கற டிவிஷன்ல ஸ்டேட் சாம்பியன் ஆச்சு.

ஊர் வளர்றதுக்கு பதிலா சுருங்கினா என்ன ஆகும்னு கேப்பீங்க. மேற்கு டெக்ஸாஸ்ல மொத்த ஹைஸ்கூலும் நாப்பது அம்பது பிள்ளைங்கதான், பதினொரு பேர் டீமே தேறாது. அவங்க ஆறு பேர் ஃபுட்பால் ஆடறாங்க, 1934ல நெப்ராஸ்கால கண்டுபுடிச்சது, டெக்ஸாஸுக்கு 1938ல வந்துச்சு. மைதானம் சின்னது, 45 பாயிண்ட் வித்தியாசம் வந்துட்டா அத்தோட மேட்ச் முடிஞ்சுது. அந்த ஆறு பேர் கெடைக்கற வரைக்கும் ஸ்கூலை மூட ஊர் விடாது. நேரம் கெடச்சா ஒரு தடவை போய்ப் பாருங்க, லெகசி ஸ்டேடியத்தை விட எனக்கு அதுதான் புடிக்கும்.

இனி பையன். 1984ல டெக்ஸாஸ் நோ பாஸ் நோ ப்ளேன்னு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, ஏதாவது ஒரு சப்ஜெக்ட்ல 70க்குக் கீழ வந்தா ஃபுட்பாலும் இல்ல, பேண்டும் இல்ல. முதல்ல ஆறு வாரம் வெளிய உக்கார வெச்சாங்க, இப்ப மூணு வாரம் கழிச்சு மார்க்கு தேறினா திரும்ப வரலாம். கோச்சுங்க கொதிச்சுப் போனாங்க, அதைக் கொண்டு வந்த கவர்னர் மார்க் வைட் 1986ல தோத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு இன்னிக்கும் சொல்லுவாங்க, ஆனா சட்டம் நின்னுடுச்சு. அதனால பேண்ட் டைரக்டருக்கு உங்க பையன் மார்க்கு மேல உங்களை விட அக்கறை ஜாஸ்தி, ஒரு டிராம்போன் கொறஞ்சா வரிசையில ஓட்டை விழும்ல. ஸ்கூல் நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல மார்ச்சிங் பிராக்டிஸ் வெக்கக் கூடாதுன்னும் யூஐஎல் ரூல் இருக்கு, மீறினா நீங்க கேக்கலாம். இன்னொரு விஷயம், அதே யூஐஎல் ஆரம்பிச்சதே பேச்சுப் போட்டி நடத்தறதுக்குத்தான், இன்னிக்கும் கணக்கு, சயின்ஸ், ஸ்பெல்லிங், நாடகம்னு எல்லாம் நடத்தறாங்க. நம்பர் சென்ஸ்னு ஒண்ணு இருக்கு, பத்து நிமிஷத்துல 80 கணக்கு, பேப்பர்ல போட்டுப் பாக்கக் கூடாது, மனசுலயே போட்டு விடையை எழுதணும். பையனுக்கு ஆசை இருந்தா அதுலயும் பேர் குடுக்கச் சொல்லுங்க, பேண்டை விட்டுட்டு இல்ல, பேண்டோட சேத்து.

ஆகஸ்ட் வெயிலுக்கு கேலன் ஜக்ல தண்ணி, தொப்பி, நல்ல ஷூ, இது மூணும் போதும். உங்களுக்கு வரப்போற நெஜமான செலவு ஹோம்கமிங்தான், பழைய மாணவங்களை வரவேற்க ஸ்கூல் நடத்தற விழா. இந்த ஊர்ல அதுக்கு மம்னு ஒண்ணு, பொய்யான சாமந்திப்பூ, அதுலருந்து முழங்கால் வரைக்கும் ரிப்பன், மணி, கரடி பொம்மை, சில பேருக்கு எல்ஈடி லைட்டு வரைக்கும் தொங்கும். பையன் யாராவது ஒரு பொண்ணைக் கூப்பிட்டான்னா அவளுக்கு மம் உங்க வீட்டுலருந்துதான் போகணும், கடையில வாங்கினா சில நூறு டாலர் ஆயிடும். பேண்ட் அம்மாக்கள் யாரையாவது புடிச்சு செய்யக் கத்துக்கோங்க, ரிப்பன் மட்டும் செப்டம்பருக்கு முன்னாடியே வாங்கி வெச்சுடுங்க, அப்புறம் ஸ்கூல் கலர் எந்தக் கடையிலயும் கெடைக்காது.